சும்மா இருக்கும் மென்பொருள் சும்மா இருக்கிறதா?

கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் விளையாடிக் கொண்டிருக்கிறீர்கள். நேற்று வரை வழுக்கிக் கொண்டு ஓடிய கார், இன்று தடுக்கித் தடுக்கி ஓடுகிறது. வளைவில் காரைத் திருப்பினால் ஒரு கணம் தாமதித்தே திரும்புகிறது. நண்பனிடம் சொன்னால், "உன் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது. புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கு" என்கிறான். அதன் விலையோ பல ஆயிரம் ரூபாய்! அப்பாவிடம் போய்க் கேட்பதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் இந்தக் கம்ப்யூட்டரில் என்ன மாறியது?

யோசித்தால் நினைவுக்கு வரும். விளையாட்டைப் படம் பிடித்து நண்பர்களுக்குக் காட்டலாம் என்று, நேற்று இரவு திரைப்பதிவு மென்பொருள் ஒன்றை நிறுவினீர்கள். "ஆனால் இன்று நான் எதையும் பதிவு செய்யவில்லையே! அது சும்மாதானே இருக்கிறது?" என்பீர்கள். உண்மையிலேயே அது சும்மா இருக்கிறதா? பார்ப்போம்.

ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம்?

சினிமாவில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை முன்பே எடுத்து வைக்கப்பட்டவை. கம்ப்யூட்டர் விளையாட்டில் அப்படி இல்லை. நீங்கள் இடப்பக்கம் திரும்புவீர்களா, வலப்பக்கம் திரும்புவீர்களா என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒவ்வொரு படத்தையும் அந்தந்த நேரத்தில் கணக்கிட்டே வரைய வேண்டும். இந்தப் படத்தை ஃபிரேம் என்கிறோம். ஒரு வினாடியில் எத்தனை ஃபிரேம்கள் வரையப்படுகின்றன என்பதே ஃபிரேம் வேகம்.

வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 1000-ஐ 60-ஆல் வகுத்தால் வருவது. அதாவது சுமார் 16.7 மில்லி வினாடி. அதற்குள் காரும் சாலையும் மரமும் எங்கெங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, கிராபிக்ஸ் கார்டு முழுப் படத்தையும் வரைந்து முடித்துவிட வேண்டும்.

பொத்தானை அழுத்துவதற்கு முன்பே!

பல பதிவு மென்பொருள்களில் ஒரு விசித்திரமான வசதி உண்டு. நீங்கள் அபாரமாக ஒரு காரை முந்திவிடுகிறீர்கள். 'அடடா, பதிவு செய்யாமல் போய்விட்டோமே' என்று நினைத்து ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். உடனே கடந்த 30 வினாடிக் காட்சி ஒரு வீடியோவாகக் கிடைத்துவிடுகிறது! விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றிலேயே இத்தகைய வசதி இருக்கிறது.

கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கு முன் நடந்தது அதற்கு எப்படிக் கிடைத்தது? விடை ஒன்றுதான். இந்த வசதியை இயக்கி வைத்த நேரம் முதல் அது ஓயாமல் பதிவு செய்து கொண்டே இருக்கிறது. சிறிய கரும்பலகையில் எழுதுபவர், இடம் தீர்ந்ததும் பழைய வரியை அழித்துப் புதிய வரியை எழுதுவது போல, பழைய காட்சியை அழித்துப் புதிய காட்சியை எழுதுகிறது.

அந்த வேலை சிறியதன்று. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 83 லட்சம் பைட். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் சுமார் 50 கோடி பைட்! இவ்வளவையும் நகலெடுத்து, சுருக்கி, வீடியோவாக மாற்ற வேண்டும்.

சுருக்கும் வேலைக்கென்று இக்காலக் கிராபிக்ஸ் கார்டுகள் பலவற்றில் தனிப் பகுதி உண்டு. ஆனாலும் நகலெடுக்கும்போது, விளையாட்டு பயன்படுத்தும் அதே நினைவகத்தைத்தான் பதிவு மென்பொருளும் பயன்படுத்துகிறது. தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், சி.பி.யூ.வும் கிராபிக்ஸ் பகுதியும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக் கொள்வதால் நெருக்கடி இன்னும் அதிகம்.

பின்னோக்கிப் பதியும் வசதி இல்லாவிட்டாலும் வேறு வேலைகள் இருக்கலாம். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற மென்பொருளைத் திறந்து வைத்தாலே போதும். பதிவு தொடங்காவிட்டாலும், திரைக் காட்சியை வாங்கித் தன் சன்னலில் முன்னோட்டமாக வரைந்து காட்டிக் கொண்டிருக்கும்.

சிறு தாமதம், பெரும் நஷ்டம்

"அதனால் ஒரு மில்லி வினாடி தாமதமாகும். அவ்வளவுதானே?" என்று கேட்கலாம். 16.7 மில்லி வினாடிக்கு ஒரு முறை, நேரம் தவறாமல் புறப்படும் ஒரு பஸ்ஸைக் கற்பனை செய்யுங்கள். ஒரு நொடி பிந்தினாலும் அடுத்த பஸ்ஸுக்குத்தான் காத்திருக்க வேண்டும். வி-சிங்க் என்ற அமைப்பு இயங்கும்போது திரை இந்த பஸ்ஸைப் போல நடந்து கொள்கிறது. ஃபிரேம் 16 மில்லி வினாடியில் தயாரானால் பஸ்ஸைப் பிடித்துவிடும். 17 ஆனால் அடுத்ததற்குக் காத்திருக்கும். எல்லா ஃபிரேம்களும் இப்படிப் பிந்தினால், 60 ஆக இருந்த வேகம் 30 ஆகிவிடக் கூடும்! கார் தடுக்கியதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

குற்றவாளி இதுதானா?

ஆனால் சந்தேகம் மட்டும் போதாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

1. பல விளையாட்டுகளின் அமைப்புகளிலேயே ஃபிரேம் வேகத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. அதை இயக்கி, ஒரே சாலையில், ஒரே காரில் 5 நிமிடம் ஓட்டுங்கள். வேகத்தை நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள்.

2. பதிவு மென்பொருளை முழுவதுமாக மூடுங்கள். சன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் மட்டும் போதாது. கடிகாரத்தின் அருகே அதன் சிறு படம் ஒளிந்திருக்கும். அதன்மேல் வலப் பொத்தானை அழுத்தி வெளியேறச் சொல்லுங்கள்.

3. அதே சாலை, அதே கார், அதே 5 நிமிடம். மறுபடி குறியுங்கள்.

4. இதுதான் முக்கியம். மென்பொருளை மீண்டும் திறந்து இன்னொரு முறை ஓட்டுங்கள். குறை திரும்பி வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. வராவிட்டால் காரணம் வேறு. லேப்டாப் சூடேறினாலும் வேகம் குறையும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் குணமாயிற்று என்று சொல்ல முடியாது.

டாஸ்க் மேனேஜரைப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே சி.பி.யூ. பத்தியில் பதிவு மென்பொருளுக்கு எதிரே மிகச் சிறிய எண் இருக்கலாம். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். செயல்திறன் பகுதியில் ஜி.பி.யூ. வரைபடங்களையும் பாருங்கள். நீங்கள் எதையும் பதிவு செய்யாதபோது 'வீடியோ என்கோட்' கோடு உயர்ந்திருந்தால், பின்னால் யாரோ படம் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

குற்றவாளி அகப்பட்டாலும் அதை நீக்கிவிட வேண்டியதில்லை. பின்னோக்கிப் பதியும் வசதியை நிறுத்துங்கள். விண்டோஸில் அது செட்டிங்ஸில் கேமிங், அதனுள் கேப்சர்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் தொடங்கும்போதே மென்பொருளும் தொடங்குவதைத் தடுத்து வையுங்கள். பதிவு செய்யும்போது 1280-க்கு 720 புள்ளி அளவில் பதிந்தால், சுருக்க வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும்.

ஒரு ஸ்பூன் வெந்நீரில் பெரிய வெப்பமானியை வைத்தால், வெப்பமானியே நீரின் சூட்டை வாங்கிக் கொள்ளும். வோல்ட் மீட்டரும் தான் அளக்கும் சுற்றிலிருந்து சிறிது மின்னோட்டத்தை எடுத்துக் கொள்ளும். பார்த்துக் கொண்டு மட்டும் இருக்கும் கருவி என்று எதுவுமில்லை. பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு.

இத்தனைக்கும் பிறகு குறை தீரவில்லையென்றால், ஒருவேளை உங்கள் நண்பன் சொன்னது சரியாக இருக்கலாம். அப்போது அப்பாவிடம் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்!