யாரைக் கேட்டார்கள்? எங்கே கேட்டார்கள்?



நிர்வாகம் ஒரு தாளை நீட்டி, “வேலை பிடித்திருக்கிறதா? லயம் வசதியாக இருக்கிறதா?” என்று கேட்கிறது. பக்கத்தில் மண்டோர் நிற்கிறார். கிராணி பேரைக் குறித்துக்கொள்கிறார். நாம் என்ன சொல்வோம்? “எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு” என்போம். ‘தொழிலாளருக்குக் குறையே இல்லை’ என்று எழுதிக் கட்டிவிடுவார்கள்.

கருத்துக் கேட்பது நல்ல காரியம்தான். ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வே இதற்குச் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தமிழ்நாட்டு, வங்காளதேசத் தொழிலாளர்கள் கூடும் இடம் அது. இப்படிப்பட்ட தொழிலாளர் 605 பேரை சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விசாரித்து, 2015இல் அறிக்கை வெளியிட்டார்கள். வேலையில் இருப்பவர்களோடு அவர்கள் நிற்கவில்லை. அடிபட்டு நஷ்டஈடு கேட்டவர்களையும், சம்பளப் பாக்கிக்கு மனு போட்டவர்களையும் சேர்த்துக் கேட்டார்கள்.

வேலையில் இருந்தவர்களில் 100க்கு 13 பேரிடம் கடுமையான மனநோயின் அறிகுறி தெரிந்தது. மனு போட்டுக் காத்திருந்தவர்களிலோ 100க்கு 62 பேர்! வேலைத்தளத்தில் மட்டும் கேட்டிருந்தால் இந்த 62 கணக்கிலேயே வந்திருக்காது. அவர்கள்தான் அங்கே இல்லையே!

நம் தோட்டத்தில் சங்கக் கிளை கருத்துக் கேட்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. பேர், நம்பர் வேண்டாம். பேர் எழுதினால் உண்மை வராது.

2. ஆபீசிலும் பெரட்டிலும் கேட்காதீர்கள். சாயங்காலம் வீட்டு வாசலில் கேளுங்கள். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

3. அடிபட்டு வீட்டில் கிடப்பவரையும், வேலையை விட்டு நின்றவரையும் தேடிப்போய்க் கேளுங்கள்.

4. ஒரு கேள்விக்கு ஒரு சங்கதி. “லயமும் தண்ணியும் நல்லா இருக்கா?” என்றால், லயம் சரி, தண்ணி இல்லை என்பவர் என்ன சொல்வார்? “போன மாசம் எத்தனை நாள் குழாயில் தண்ணி வரலை?” என்று கேளுங்கள். எண்ணிக்கையோடு போனால் நிர்வாகம் தட்டிக்கழிக்க முடியாது.

5. முடிவைக் கூட்டம் போட்டுச் சொல்லுங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மறுமுறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இனி, “தொழிலாளர் திருப்தியாக இருக்கிறார்கள்” என்று யாராவது தாளைக் காட்டினால் தயங்காமல் கேளுங்கள்: “யாரைக் கேட்டீங்க? யார் பக்கத்துல நின்னாங்க?”