கொந்தகைக்காரருக்கு முகம் வந்தாச்சு!

செத்துப்போய் சுமார் 2,500 வருஷமான இரண்டு பேருக்கு 2025 ஜூனில் முகம் வந்தது. இருவரும் நம்ம ஊர்ப்பக்கம்தான். மதுரையிலிருந்து சிலைமான் தாண்டினால் கீழடி. அந்தக் காலத்துக் கீழடிவாசிகளின் இடுகாடாகக் கருதப்படுவது பக்கத்துக் கொந்தகை. அங்கே கிடைத்த இரண்டு ஆண் மண்டையோடுகள்தான் மூலதனம்.

படத்தை எங்கள் டீக்கடையில் காட்டினேன். "அட, இந்தாளை மாட்டுத்தாவணியில பார்த்திருக்கேனே!" என்றார் மாஸ்டர். "என் சகலை மாதிரியே இருக்கான்யா. கைமாத்து ஆயிரம் ரூவா இன்னும் வரலை" என்றார் பெஞ்சில் இருந்தவர். அடுத்து நிறத்தில் ஆரம்பித்தது தகராறு. "இம்புட்டுக் கறுப்பா?" என்று ஒரு கட்சி, "இன்னும் கறுப்பா இருந்திருப்பான்" என்று இன்னொரு கட்சி. டீ ஆறிவிட்டது!

வேலையைச் செய்தவர்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபியல் பேராசிரியர் குமரேசன் குழுவினரும், இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் 'ஃபேஸ் லேப்'பும். மண்டையோட்டை முப்பரிமாணத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்கிறார்கள். தசை ஒட்டியிருந்த இடங்களில் எலும்பில் தடம் இருக்கும். நெற்றியில் சதை மெல்லிசு, கன்னத்தில் தடிமன். அந்தக் கணக்கில் தசைகளை அடுக்கி, மேலே தோலைப் போர்த்த வேண்டும். மூக்கு எத்தனை அகலம் என்பதைக்கூட எலும்பிலிருந்து ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் தோலின் நிறமா, மீசையா, சுருட்டை முடியா? எலும்பு வாயைத் திறக்காது. அதெல்லாம் அனுமானம். ஆக, டீக்கடைச் சண்டையில் இரண்டு கட்சிக்கும் டெபாசிட் காலி.

தென்னிந்தியச் சாயலே முக்கியம், மத்தியக் கிழக்கு, ஆஸ்ட்ரோ ஆசியச் சாயலும் கொஞ்சம் தெரிகிறது என்றார் குமரேசன். வம்சாவளியை உறுதியாகச் சொல்ல டி.என்.ஏ. வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அது லேசில் மிஞ்சாது.

செத்தவருக்கு இத்தனை பொறுமை. உயிரோடிருக்கும் நமக்கு? அரை செகண்ட்! செல்போனில் போட்டோ எடுக்கும்போது முகத்தைச் சுற்றிக் கட்டம் விழுகிறதே, அந்த வித்தையை வேகப்படுத்தியவர்கள் வயோலா, ஜோன்ஸ் என்ற இருவர். வருஷம் 2001. கண் பகுதி கன்னத்தைவிட இருட்டு, மூக்குத்தண்டு வெளிச்சம். இப்படிச் சின்னச் சின்ன சோதனைகள். தேறாத இடத்தை உடனே தள்ளிவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவும். செகண்டுக்கு 15 படம் பார்த்துவிட்டது.

இது 'முகம் இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். யார் முகம் என்பது வேறு சமாசாரம், வில்லங்கமும் அங்கேதான். ஒரு ஆபீஸில் அட்டெண்டன்ஸ் மிஷின், பழநியில் மொட்டை போட்டுத் திரும்பிய என்னை மூன்று நாள் அந்நியனாகவே பார்த்தது. அரை நாள் சம்பளம் போச்சு. தமிழ்நாடு போலீஸிடமும் 2021 முதல் முகம் அடையாளம் காணும் மென்பொருள் இருக்கிறது. மிஷின் காட்டும் ஆள் தப்பாக இருந்தால் போவது அரை நாள் சம்பளம் இல்லை ஸார். கொந்தகைக்காரருக்கு அந்தக் கவலை கிடையாது. அவர் பேரை யாரும் கேட்கவில்லை.