மலை மறைத்த அலையைத் திருப்பும் பலகை

நுவரெலியா, அட்டன் பகுதிகளிலே கைத்தொலைபேசி திடீரென ஊமையாகும்போது, மூடுபனியே அலையைத் தடுத்தது என்று பலர் கருதுவர். பனி பெரும்பாலும் குற்றமற்றது, மறைப்பது மலையே.

மத்திய அலை வானொலியின் அலை நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுடையது. அது முகட்டைத் தழுவி ஓரளவு அப்பால் இறங்கும். செக்கனுக்கு 90 கோடி முறை அதிரும் கைத்தொலைபேசி அலையோ சுமார் 33 சென்ரிமீற்றர் நீளமே உடையது. அது பெரிதும் ஒளியைப் போல நேரே செல்லும். மலைக்குப் பின்னே நிழல் விழும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழியே பாடம் நடந்தபோது, மலைநாட்டு மாணவர் பலர் அலை தேடி மேடுகளில் ஏற நேர்ந்தது இதனாலேயே.

உயரம் இதற்கு ஒரு மருந்து. 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை மலையுச்சியில் ரூபவாஹினியின் ஒலி, ஒளிபரப்பு நிலையம் அமைந்தது அதனாலேயே. எனினும் பள்ளத்தாக்குத்தோறும் கோபுரம் நாட்டுவதாயின் பாதையும் மின்சாரமும் பெரும் பணமும் வேண்டும்.

இருண்ட கிணற்றுக்குள் விழுந்த வாளியைக் காண, கண்ணாடி பிடித்து வெயிலைத் திருப்புவதில்லையா? அலையையும் அவ்வாறே திருப்பலாம். சென்ற நூற்றாண்டிலேயே சில நாடுகளில் தொலைபேசித் தொடர்புக்காக மலைமுகடுகளில் பெரிய உலோகத் தகடுகளை நிறுத்தினர். அவற்றுக்கு மின்சாரமே வேண்டியதில்லை. ஆனால் அவை ஒரே திசைக்கே அலையைத் தெறிக்கச் செய்தன.

இன்று ஆராயப்படும் பலகையிலே நூற்றுக்கணக்கான சிறு உலோகக் கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் உள்ள நுண்ணிய மின்னாளி, தெறிக்கும் அலையைச் சற்றே முந்தவோ பிந்தவோ வைக்கும். தேர்வடம் பிடிப்போர் ஒரே தாளத்தில் இழுத்தால் தேர் நகர்வதுபோல, அலைகள் ஒத்திசைந்து வேண்டிய திசையில் வலுப்பெறும். அலையைப் பெருக்கும் கருவி இதில் இல்லை. ஆகவே மின்செலவு மிகக் குறைவு. சிறிய சூரியப் பலகையே போதுமானதாகலாம்.

ஆயினும், இல்லாத அலையை இது படைக்காது. கோபுரத்திலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து வீட்டிற்கும் என இருமுறை அலை நலிவடையும். ஆதலால் பலகை பெரிதாகவும், இரு திசைக்கும் மறைவின்றியும், இரண்டில் ஒன்றுக்கு அண்மையிலும் இருத்தல் வேண்டும். மேற்கூறிய அலைக்கு ஏறத்தாழ 1,000 கூறுகள் அமைத்தால், பலகையின் ஒவ்வொரு பக்கமும் 5 மீற்றர் அளவாகும். மலைக்காற்றையும் அது தாங்கவேண்டும். இம்முறை இன்னும் பெரிதும் பரிசோதனை நிலையிலேயே உள்ளது.

நள்ளிரவில் லயன் வீடொன்றிலிருந்து 1990 என்ற இலக்கத்தை அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழைக்க முயல்வோருக்கு, அலை என்பது ஆடம்பரமன்று, உயிர்த்துணை. மலையை நகர்த்த இயலாது; அலையைத் திருப்ப இயலும்.