பயிர்க் காவலரின் பெயர்: ‘மெசியே’ என்னும் பிரெஞ்சுக் குடும்பப் பெயரின் வரலாறு

வான நூல் பயில்வோர் நட்சத்திரப் படங்களில் ‘எம் 1’, ‘எம் 31’, ‘எம் 45’ முதலிய குறிகளைக் காண்பர். எம் 45 என்பது நாம் நன்கறிந்த கார்த்திகைக் கூட்டமே. இக்குறிகளிலுள்ள ‘எம்’ என்னும் எழுத்து, சார்ல் மெசியே (1730–1817) என்ற பிரெஞ்சு வான நூலாரின் குடும்பப் பெயரின் முதலெழுத்தாகும். ஆங்கில வழியில் இப்பெயரை ‘மெஸ்ஸியர்’ என்று எழுதுவதும் உண்டு. வானத்தில் இத்துணை விளங்கும் இப்பெயர் வயலில் பிறந்தது என்பதைப் பலர் அறியார். அது எவ்வாறு பிறந்தது, ஏன் அருகிய பெயராக நின்றது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

‘மெசிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு அறுவடை என்பது பொருள். பழைய பிரெஞ்சில் ‘மெசியே’ என்றால் விளைந்த பயிரைக் காப்பவர். இச்சொல்லின் இறுதியிலுள்ள ‘இயே’ என்பது தொழில் செய்பவரைக் குறிக்கும் விகுதி. இவ்விகுதியைப் பல குடும்பப் பெயர்களிற் காணலாம். 1846-ஆம் ஆண்டில் நெப்டியூன் கிரகம் இருக்குமிடத்தைக் கணித்துக் கூறியவரின் பெயராகிய லெ வெரியே, கண்ணாடி செய்பவர் எனப் பொருள்படும். 1820-இல் காவாந்து என்பாருடன் சேர்ந்து கொயினாவைப் பிரித்தெடுத்த பெலெத்தியேயின் பெயர் தோல் பதனிடுவோரைக் குறிப்பது. 2020-இல் இரசாயன நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எம்மானுவேல் சார்பந்தியே அம்மையாரின் பெயர் தச்சரைக் குறிப்பது.

பயிர்க் காவலர் ஏன் தேவைப்பட்டார்? பிரான்சின் வடக்கிலும் கிழக்கிலும் பரந்த பகுதிகளில் விளைநிலங்கள் வேலியின்றித் திறந்த வெளியாக இருந்தன. ஒவ்வொரு குடியானவருக்கும் உரிய நிலம் நீண்ட குறுகிய பட்டைகளாகப் பிறர் நிலங்களுக்கிடையே சிதறிக் கிடந்தது. கால்நடை வழிதவறி ஒரு பட்டையில் நுழைந்தால் பலருடைய பயிர் அழியும். கதிர் முற்றும் காலத்தில் திருட்டுப் பயமும் உண்டு. ஆகவே, அறுவடைக்கு முன்னர் ஊரார் கூடியோ, நிலப்பிரபுவின் அதிகாரிகள் வழியாகவோ, சிலரைக் காவலுக்கு நியமித்தனர். பிறர் வயலில் மேயும் கால்நடையைப் பிடிப்பதும், குற்றம் செய்தோரை அறிவித்து அபராதம் விதிக்கச் செய்வதும் இவர்கள் கடமை.

இனி, இத்தொழில் குடும்பப் பெயரான வகையைக் காண்போம். கி.பி. 11-ஆம் நூற்றாண்டு வரையில் பிரான்சில் பெரும்பாலோருக்கு ஒரே பெயர்தான் இருந்தது. மக்கள்தொகை பெருகியபோது ஒரே ஊரில் ழான், பியேர் என்ற பெயருடையோர் பலராயினர். அவர்களைப் பிரித்தறிய இடம், உடல் தோற்றம், தந்தை பெயர், தொழில் இவற்றுள் ஒன்றை அடைமொழியாகச் சேர்த்தனர். அடுத்த சில நூற்றாண்டுகளில் இவ்வடைமொழி மகனுக்கும் பேரனுக்கும் வழிவழியாகச் சென்றது. 1539-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் வில்லேர்-கொத்தரே என்னுமிடத்தில் பிறப்பித்த கட்டளை, ஞானஸ்நானப் பதிவேடுகளை வைக்குமாறு பணித்தது. 1794-ஆம் ஆண்டுச் சட்டம், பிறப்புப் பதிவில் உள்ளதன்றி வேறு பெயரை எவரும் பூணலாகாது எனத் தடுத்தது. இவ்வாறு, வாய்வழக்காக இருந்த அடைமொழி ஏட்டில் உறுதிப்பட்டது.

கொல்லரைக் குறிக்கும் லெஃபேவ்ர், ஃபாப்ர், ஃபோர் முதலிய பெயர்கள் பிரான்சில் மிகப் பரவியுள்ளன. மெசியே என்பதோ அருகியே வழங்குகிறது. இதற்குக் காரணங்கள் சில கூறலாம். கொல்லர் ஆண்டு முழுவதும் உலைக்களத்தில் இருப்பவர். கருவியும் கைத்திறனும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். பயிர்க் காவலோ ஆண்டில் சில வாரங்களே நீடிக்கும் பணி. இவ்வாண்டு காத்தவர் மறு ஆண்டு நியமிக்கப்படாமலும் போகலாம். இத்தகைய பணி ஒருவருக்கு நிலைத்த அடைமொழியாவது அரிது. மேலும், புதர்வேலிகள் நிறைந்த மேற்குப் பகுதிகளில் இக்காவலின் தேவை குறைவு. அன்றியும், சொல் இடத்துக்கு இடம் வேறுபட்டது: லொரேன் பகுதியில் இவரைப் ‘பங்கார்’ என்றனர், அல்சாஸ் பகுதியின் ஜெர்மானிய வழக்கில் ‘பன்வார்ட்’ என்றனர். அச்சொற்களும் தனித்தனியே குடும்பப் பெயர்களாயின. ஒரே தொழில் பல பெயர்களாகப் பிரிந்தமையால் ஒவ்வொன்றின் தொகையும் குறைந்தது.

இவற்றோடு தற்செயலுக்கும் இடமுண்டு. பெயர் தந்தை வழியே மட்டும் செல்லும் சமுதாயத்தில், ஆண் மக்கள் இல்லாத கிளையோடு அப்பெயர் நின்றுவிடும். பல்லாயிரம் குடும்பங்கள் தாங்கும் பெயருக்கு இதனால் இடரில்லை. சில குடும்பங்களே தாங்கும் பெயர் சில தலைமுறைகளில் முற்றும் மறைந்துவிடக்கூடும். பிரெஞ்சுக் கணித அறிஞர் பியெனமே 1845-இலும், இங்கிலாந்தில் கால்ட்டன், வாட்சன் ஆகியோர் 1870-களிலும் இவ்வினாவைக் கணித முறையில் ஆராய்ந்தனர். குடும்பப் பெயர்களைப் பற்றி எழுந்த இக்கணிதம் பிற்காலத்தில் அணுத் தொடர்வினையையும் தொற்றுநோய்ப் பரவலையும் ஆராயப் பயன்பட்டது. பிரான்சில் 2005 முதல் தாயின் பெயரையோ இருவர் பெயரையும் சேர்த்தோ குழந்தைக்கு இடலாம் எனச் சட்டம் இடந்தருவதால், அரிய பெயர்கள் பிழைக்க மற்றொரு வழி பிறந்துள்ளது. மெசியே என்னும் பெயர் 17-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து கனடாவின் கெபெக் பகுதியிலும் வேரூன்றியது.

சார்ல் மெசியே லொரேன் பக்கத்திலுள்ள பதொன்வில்லே என்னும் ஊரில் பிறந்தவர். தந்தை வயற்காவலர் அல்லர், நீதிமன்ற அலுவலர். 1751-இல் பாரிஸ் சென்ற மெசியே, தெளிவான கையெழுத்தும் படம் வரையும் திறமையும் உடையவராதலால், தெலீல் என்னும் வான நூலாரிடம் பணியில் அமர்ந்தார். வால்நட்சத்திரங்களைத் தேடுவதே அவர் வேட்கை. 1758-இல் ரிஷப மண்டலத்தில் மங்கிய ஒளித் திட்டு ஒன்றைக் கண்டார். வால்நட்சத்திரம்போல் தோன்றினும் அது இடம்பெயரவில்லை. இத்தகைய நிலையான பொருள்கள் தம்மைப் போன்றோரை மயக்காதிருக்க அவற்றைப் பட்டியலிடலானார். முதற் பட்டியலில் 45 பொருள்கள் இருந்தன. 1781-இல் வெளிவந்த பட்டியலில் 103. பின்னர் வந்தோர் சேர்த்தவற்றோடு இன்று 110.

வயலில் நிற்பது எது, நுழைவது எது எனப் பார்த்திருக்கும் காவலரைப் போன்றே இவரும் வானத்தைக் காத்தார். இப்பொருத்தத்தை அவர் நண்பர் லலாந்து விட்டுவிடவில்லை. 1775-இல் அவர் வட வானில் புதிய நட்சத்திர மண்டலம் ஒன்றை வகுத்து, ‘அறுவடைக் காவலர்’ எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். இன்று ஏற்கப்பட்டுள்ள 88 மண்டலங்களுள் அது இல்லை. பூமியிலோ, 1795-ஆம் ஆண்டுச் சட்டம் கிராமந்தோறும் நிலையான வயற்காவலரை நியமிக்கச் செய்தபின், அறுவடைக்கால மெசியேயின் பணி வழக்கொழிந்தது. எஞ்சியது குடும்பப் பெயர் ஒன்றே.

ஊர்களிற் செய்தி திரட்டும் பணியாளரும் ஆசிரியரும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க எச்சரிக்கை ஒன்று உண்டு. ஒருவரின் பெயரைக் கொண்டு அவர் தொழிலையோ தரத்தையோ துணிதல் தவறு. பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர் என எண்ணிச் சென்றால், பத்தாம் தலைமுறையில் முன்னோர் இடங்கள் 1,024 ஆகும். தந்தை வழிக் குடும்பப் பெயர் அவற்றுள் ஒன்றிலிருந்தே வருவது. மற்ற 1,023 இடங்களைப் பற்றி அது எதுவும் கூறாது. மாணவர்க்கு எம் 31-ஐ வானில் காட்டும்போது, அந்த ‘எம்’ ஒரு காலத்தில் கோதுமை வயலோரம் விழித்திருந்த ஏழைக் காவலரின் பெயர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.