லினக்ஸுக்கு எந்த எக்ஸ்டர்னல் டிரைவ்?

எக்ஸ்டர்னல் டிரைவ் வரும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் விண்டோஸ், மேக் என்று இரண்டு பெயர்தான் இருக்கும். லினக்ஸைக் காணோமே என்று கீழே வைத்துவிட வேண்டாம். யு.எஸ்.பி. சேமிப்புக் கருவிகளுக்கெல்லாம் பொதுவான விதிமுறை ஒன்று உண்டு. அதற்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. 1990களில் ஐயோமெகா ஜிப் டிரைவைப் பிரிண்டர் போர்ட்டில் செருகி, அதற்கென்றே தனி டிரைவரை ஏற்றியவர்களுக்குத்தான் இந்த நிம்மதியின் அருமை தெரியும்.

சிக்கல் வருவது பிரிட்ஜ் சிப்பில். உள்ளே இருப்பது சாட்டா அல்லது என்.வி.எம்.இ. டிஸ்க், வெளியே வருவது யு.எஸ்.பி.; நடுவில் நின்று மொழிபெயர்ப்பது இந்தச் சிப்தான். பழைய முறையில் ஒரு கட்டளை முடிந்த பிறகே அடுத்தது போகும். யு.ஏ.எஸ். என்ற புதிய முறையில் பல கட்டளைகளைச் சேர்த்து அனுப்பலாம். எஸ்.எஸ்.டி.யின் உண்மையான வேகம் அதில்தான் தெரியும். சில சிப்களோ யு.ஏ.எஸ். தெரியும் என்று சொல்லிக்கொள்ளும். பெரிய காப்பி ஓடும்போது பாதியில் தொடர்பை அறுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட சிப்களுக்காகவே கெர்னலில் ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆகவே பிராண்டைவிட, உள்ளே எந்தச் சிப் என்று விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

டிரைவைச் செருகி, டெர்மினலில் எல்.எஸ்.யு.எஸ்.பி. கட்டளையை 'டி' ஆப்ஷனோடு கொடுங்கள். அந்த டிரைவுக்கான வரியில் யு.ஏ.எஸ். என்றும் 5000எம் என்றும் இருந்தால் நல்லது. யு.எஸ்.பி. 3 டிரைவுக்கு 480எம் என்று வந்தால் அது யு.எஸ்.பி. 2 வேகம்; டிஸ்க்கைத் திட்டுவதற்கு முன் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4 வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அதன் நான்கு யு.எஸ்.பி. போர்ட்டுகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். சுழலும் டிஸ்க் இரண்டை மாட்டுவதென்றால் தனி மின்சாரம் உள்ள ஹப் தேவை.

அடுத்தது ஃபார்மேட். ஃபேட்32 எங்கும் ஓடும், ஆனால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. விண்டோஸோடும் பகிர வேண்டுமானால் எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2019இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. 2020இல் வந்த கெர்னல் 5.7 முதல் சாம்சங் எழுதிய தரமான டிரைவர் உள்ளேயே கிடைக்கிறது. என்.டி.எஃப்.எஸ்.ஸுக்கும் 5.15 முதல் கெர்னலுக்குள்ளேயே எழுதும் வசதி உண்டு. ஆனால் லினக்ஸ் கணினியை பேக்கப் எடுப்பதற்கு இவை எதுவும் ஒத்துவராது. எக்ஸ்ஃபேட்டில் ஃபைலின் உரிமையாளர், அனுமதிகள், சிம்பாலிக் லிங்க் எதுவும் நிற்காது. பேக்கப்புக்கு ஈ.எக்ஸ்.டி.4தான்.

பாஸ்வேர்டு பூட்டு உள்ள டிரைவுகளில் சில, கம்பெனியின் விண்டோஸ், மேக் மென்பொருள் இருந்தால்தான் திறக்கும். அவை வேண்டவே வேண்டாம். மேலேயே எண் பட்டன்கள் உள்ள டிரைவ் என்றால் பரவாயில்லை. லினக்ஸில் மட்டும் பயன்படுத்துவதென்றால் எல்.யு.கே.எஸ். என்ற குறியாக்க முறை போதும், செலவும் இல்லை.

சில நூறு ரூபாய்க்கு 2 டி.பி. பென் டிரைவ் என்று விற்பது அநேகமாகப் போலி. கணினி 2 டி.பி. என்றுதான் காட்டும், உள்ளே இருப்பதோ அதில் சிறு பங்கு. எஃப்3 என்ற இலவசக் கருவி டிரைவ் நிரம்பும்வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பெரிய டிரைவுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இதை ஓட்டிவிடுங்கள்.