வழுவைத் தெரிவிக்கும் முறை

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஒரே ஒரு தெலுங்கு எழுத்து உலகெங்கும் ஐபோன் பயனர்களைத் திணறடித்தது. அவ்வெழுத்து அடங்கிய செய்தி வந்தால், அதைத் திரையில் காட்ட முயன்ற செயலி முடங்கியது. இதனை அறிந்தவர்களுள் சிலர், அந்த எழுத்தை வேடிக்கைக்காகப் பிறருக்கு அனுப்பி அவர்களின் செயலிகளையும் முடக்கினர். வேறு சிலரோ சிக்கலை ஆப்பிள் நிறுவனத்திற்குத் தெரிவித்தனர். அதே மாதத்தில் 11.2.6 என்னும் புதிய பதிப்பு வெளிவந்து, சிக்கல் தீர்ந்தது.

மென்பொருளில் ஏற்படும் இத்தகைய பிழையை ‘வழு’ என்பர். நிரலர்கள் எவ்வளவு சோதித்தாலும் சில வழுக்கள் பயனர்களின் கண்ணுக்கே முதலில் புலப்படுகின்றன. தமிழ் போன்ற மொழிகளில் இது மிகவும் உண்மை. ‘கொ’ என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு ககரத்தின் இடப்புறமும் துணைக்கால் வலப்புறமும் நிற்க வேண்டும். மென்பொருள் தவறினால் அவை இடம் மாறிவிடும். தமிழ் அறியாத நிரலருக்கு அது பிழை என்றே தெரியாது. தமிழ் அறிந்தவர்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், செல்லினம் ஆகியவற்றின் வழி பலரும் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழில் எழுதுகின்றனர். இத்தகைய மென்பொருள்கள் செம்மையுறப் பயனர்களின் தெளிவான கருத்துகளும் தேவை.

கிள்ளானில் உள்ள ஒரு மாணவி அகராதிச் செயலி ஒன்றில் வழுவைக் காண்கிறாள் எனக் கொள்வோம். “உங்கள் செயலி படுமோசம்! வேலை செய்யவே இல்லை” என்று அவள் எழுதினால், நிரலரால் எதையும் திருத்த இயலாது. அவர் அவளுடைய திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மாறாக, அவள் பின்வருமாறு எழுதலாம்:

“வணக்கம். என் திறன்பேசியில் ஆண்ட்ராய்டு 14 உள்ளது. செயலியின் பதிப்பு 3.2. ‘கொய்யா’ எனத் தட்டச்சு செய்து தேடினேன். அச்சொல்லின் பொருள் தோன்றும் என எதிர்பார்த்தேன். ஆனால், எழுத்துகள் சிதைந்து வெற்றுப் பக்கம் தோன்றியது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் இவ்வாறே நிகழ்ந்தது. திரைப்பிடிப்பை இணைத்துள்ளேன். நன்றி.”

இக்குறிப்பில் கருவி, பதிப்பு, செய்த செயல், எதிர்பார்த்தது, நிகழ்ந்தது ஆகிய ஐந்தும் உள்ளன. இவற்றைக் கொண்டு நிரலர் அதே வழுவைத் தம் கருவியிலும் வரவழைத்துப் பார்க்கலாம். அவ்வாறு பார்க்க முடிந்தால் காரணத்தைக் கண்டறிவது எளிதாகும்.

வழுவைத் தெரிவிக்கும் முன் செயலியைப் புதுப்பித்துப் பார்க்க வேண்டும். அது ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கலாம். ஒரு குறிப்பில் ஒரு வழுவை மட்டுமே எழுதுவது நன்று. கடவுச்சொல், அடையாள அட்டை எண் முதலியவை திரைப்பிடிப்பில் தெரியாதவாறு மறைக்க வேண்டும். பிறரின் தகவல்களைக் கசியவிடும் வழுவாயின், அதைப் புலனக் குழுக்களில் பரப்பாமல், செயலியை உருவாக்கியவருக்கு மட்டுமே தெரிவிக்க வேண்டும். அவர் ஏதேனும் வினவினால் மறுமொழி தருவதும், திருத்தப்பட்டபின் சோதித்துச் சொல்வதும் பயனரின் கடமையாகும்.

அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் கனூத், தம் நூல்களில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு 2.56 அமெரிக்க டாலர் காசோலை அனுப்பி வந்தார். சிறு தொகையேயாயினும், பலர் அதைப் பணமாக மாற்றாமல் சட்டமிட்டு வைத்துக்கொண்டனர். பிழையைச் சுட்டுபவர் குறைகூறுபவர் அல்லர். தெளிவாகவும் பணிவாகவும் சுட்டும்போது, ஆக்கப் பணியில் அவரும் ஒரு பங்காளர் ஆகிறார்.