இரண்டு பிராசஸர் போட்டால் இரண்டு மடங்கு வேகமா?

"மச்சான், ரெண்டு பிராசஸர் போட்ட போர்டு வாங்கினா வேகமும் டபுள் ஆயிடும் இல்ல?" லேபில் இந்தக் கேள்வி எழாத வாரம் கிடையாது. கேட்கிறவன் கையில் இருப்பது பெரும்பாலும் அப்பா பி.எஃப். லோன் போட்டுக் கொடுத்த பணம். ஆகவே நண்பர்களே, ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறுமுன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-ல் 'கப்ரு' என்ற கணினித் தொகுப்பு இயங்கியது. இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர் அது. கணினிக்கு 2 ஜியான் பிராசஸர் வீதம் 144 கணினிகள். மொத்தம் 288 பிராசஸர். ஒவ்வொன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ், ஒரு துடிப்புக்கு 2 கணக்கு. பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 1 லட்சத்து 38 ஆயிரம் கோடி கணக்குகள் வரவேண்டும். அளந்தபோது கிடைத்தது சுமார் 1 லட்சம் கோடி! அதுவே அந்த ஆண்டு ஜூன் மாதம் உலகின் 500 அதிவேகக் கணினிகள் பட்டியலில் இடம் வாங்கித் தந்தது. இத்தனைக்கும் கணினிகளை இணைக்கத் தனியான அதிவேக வலை போட்டிருந்தார்கள். அப்படியும் நூற்றுக்கு 72தான் கைக்கு வந்தது. மீதி எங்கே போச்சு? ஒரு பகுதி, ஒன்றுக்கொன்று காத்திருந்ததிலேயே போனது.

முதல் கணக்கு: வேலை

மயிலாப்பூர் மெஸ் ஒன்றில் தோசைக்கல்லை நான்காக்கினால் நான்கு தோசை ஒன்றாக வேகும். கிரைண்டர் ஒன்றுதான் என்றால் மாவுக்குக் காத்திருக்கத்தானே வேண்டும்? இதையே 1967-ல் ஆம்டால் என்ற பொறியாளர் விதியாகச் சொன்னார். 10 மணி நேர வேலையில் 9 மணி நேரத்தைப் பிரித்துக் கொடுக்கலாம், 1 மணி நேரத்தைப் பிரிக்க முடியாது என்று வையுங்கள். 2 பிராசஸருக்கு ஐந்தரை மணி ஆகும். 16 போட்டால் 1 மணி 34 நிமிடம். ஆயிரம் போட்டாலும் ஒரு மணிக்குக் கீழே இறங்காது.

அனிமேஷன் ரெண்டரிங் நன்றாகப் பிரியும் வேலை. ஆட்டோகேடில் கோடு போடுவது பெரும்பாலும் ஒரே கோரை நம்பியது. இன்று ஒரே சிப்பில் 16 கோர், 64 கோர்கூட வருகிறது. இரண்டாவது சிப் நிஜமாகவே தேவையா?

இரண்டாவது கணக்கு: ராம்

தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவை நினைத்துக் கொள்ளுங்கள். கடையில் எத்தனை கவுன்ட்டர் திறந்தாலும் தெரு அகலம் அதேதான். பிராசஸருக்குத் தெரு, ராமுக்குப் போகும் சேனல். 8 சேனல் உள்ள பிராசஸருக்கு 128 ஜிபி ஸ்டிக் ஒன்று போட்டால் 7 வழி சும்மா கிடக்கும். 16 ஜிபி ஸ்டிக் எட்டாகப் போட வேண்டும். இரண்டு பிராசஸர் போர்டில் ஒவ்வொன்றுக்கும் தனி ராம் பக்கம் உண்டு. என் நண்பன் ஒருவன் எல்லா ஸ்டிக்கையும் ஒரு பக்கமே செருகிவிட்டு, "போர்டு கோளாறு" என்று ஒரு மாதம் அலைந்தான்!

மூன்றாவது கணக்கு: கரண்ட்

200 வாட் பிராசஸர் இரண்டு, 300 வாட் கிராபிக்ஸ் கார்டு, மற்றவையும் சேர்ந்தால் முழு வேகத்தில் 900 வாட்டைத் தொடும். 1200 வாட் பவர் சப்ளை வேண்டும். வீட்டில் உள்ள 600 வி.ஏ. யூ.பி.எஸ். இதைத் தாங்காது. தினம் 8 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 430 யூனிட்டுக்கு மேல் ஏறும். சித்திரை வெயிலில் அந்த அறையில் உட்கார ஏ.சி.யும் கேட்கும்.

இன்னொன்று: விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரு பிராசஸரை மட்டுமே பார்க்கும். இரண்டுக்கு ப்ரோ வேண்டும், அல்லது லினக்ஸ்.

ஆகவே முதலில் உங்கள் வேலையை லேப் கம்ப்யூட்டரில் ஓட்டி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். எல்லா கோரும் முழுமூச்சாக ஓடினால் இரண்டாவது பிராசஸரைப் பற்றி யோசிக்கலாம். ஒன்று ஓட, மற்றவை வேடிக்கை பார்த்தால் அந்தப் பணத்தை அப்பாவிடமே திருப்பிக் கொடுங்கள். லோனிலாவது கொஞ்சம் குறையும்!